விண்மீன் பேரடையின் நுகம்

ஆங்கிலத்தில் 'பார்' என்றொரு சொல் உண்டு. வழக்குமன்றத்தில் வழக்கறிஞர் நிற்கும் இடமும் அது. மது விற்கும் கடையும் அது. இரும்புக் கம்பியும் அது. ஆற்றுமுகத்து மணல்மேடும் அது. வழியை மறிக்கும் தடையும் அது. வானநூலார் அச்சொல்லை, விண்மீன் பேரடைகள் பலவற்றின் நடுவே நீண்டு கிடக்கும் ஓர் உறுப்பிற்குப் பெயராக இட்டனர். அதனைத் தமிழிற் பெயர்க்கப் புகுந்தோர், அவ்வுறுப்பு யாது, அஃது என்ன தொழில் செய்கின்றது என்று கேளாமலே அகரமுதலியைத் திறந்தனர். 'பட்டை' என்றனர் சிலர். 'சட்டம்' என்றனர் சிலர். இன்று பொறிவழி மொழிபெயர்ப்பும் வந்துவிட்டமையால், 'தடைசெய்யப்பட்ட சுழல்' என்றொரு தொடர் மாணாக்கர் கண்முன் வந்து விழுகின்றது. யார் தடை செய்தார், எதற்குத் தடை செய்தார் என்று ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியர்க்கு விடையில்லை.

தனித்தமிழ் இயக்கத்தார் இதனைச் சிறு பிழையெனத் தள்ளிவிடுதல் ஆகாது. வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல் இட்டதோடு கடமை முடிந்தது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகின்றது. 'தடை' என்பது தூய தமிழே. ஆயினும் இவ்விடத்தில் அது பொய்ச்சொல். பொருளை அறியாமல் ஆக்கிய தூய சொல்லைவிடப் பொருளை அறிந்து கடன்கொண்ட சொல் மாணவனுக்குக் கேடு குறைந்தது. இதனைச் சொல்லுதற்கு இயக்கத்தார் நாணவேண்டுவதில்லை.

பொருள்தான் யாது? கோடி கோடியாக விண்மீன்களும் அவற்றிடையே வளியும் துகளும் தம் ஈர்ப்பினாலேயே ஒன்றுகூடி நிற்கும் பெருந்தொகுதியே பேரடை. அவற்றுட் பல, தோசைக்கல்போலத் தட்டையாய் நடுவைச் சுற்றிச் சுழல்வன. அவை தட்டுப் பேரடைகள். தட்டின்கண் சுருண்டு சுருண்டு செல்லும் கைகள் தோன்றின், அது சுழிப் பேரடை. சுழிக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. காவிரி வலமாக வளைந்தோடியதால் பெயர்பெற்றது எனப்படும் திருவலஞ்சுழி குடந்தைக்கு அருகிலேயே இருக்கின்றது. வலஞ்சுழி, இடஞ்சுழி என்னும் இரு சொற்களும் பேரடைக் கைகள் திரும்பும் பக்கத்தைக் குறிக்க அப்படியே பயன்படும். (அவ்வூர்ப் பெயரைக் காட்டிப் பண்டைத் தமிழர் பேரடைகளைக் கண்டிருந்தனர் என்று எழுதப் புகுவார் உளராயின், அஃது ஆற்றின் வளைவுக்கு இட்ட பெயர் என்பதோடு நிறுத்திக்கொள்க.)

இத்தட்டுப் பேரடைகளில், அண்மையில் உள்ளவற்றை அகச்சிவப்பு ஒளியில் நோக்கினால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் நடுவே உருண்டையான புடைப்பு மட்டும் இன்றி, நடுவை ஊடறுத்து இருபுறமும் ஒரே அளவாக நீண்ட விண்மீன் தொகுதியொன்று காணப்படும். சுருட்கைகள் நடுவிலிருந்து தோன்றாமல் பெரும்பாலும் இதன் இரு முனைகளிலிருந்தே புறப்படும். கதிரவன் குடியிருக்கும் பால்வழிப் பேரடையும் இவ்வகையினதே. நாம் அதனுள்ளேயே இருப்பதனாலும், இடையே துகள்முகில் மறைப்பதனாலும் இவ்வுண்மை நெடுங்காலம் தெரியவில்லை. 1964-இல் வோக்குலர் என்னும் பிரெஞ்சு வானநூலார் வளியின் இயக்கத்தைக் கொண்டு ஐயுற்றார். 1991-இல் அகச்சிவப்பு அளவீடுகள் சான்று தந்தன. 2005-இல் இசுபிட்சர் விண்தொலைநோக்கி விண்மீன்களை எண்ணி உறுதிசெய்தது. நடுவிலிருந்து இருபுறமும் பதினாயிரம் ஒளியாண்டிற்கு மேலும் அது நீண்டு கிடக்கின்றது.

இதற்கு முதலிற் பெயரிட்டவர் 'பார்' என்று சொல்லவில்லை என்பது நம்மவர் அறியவேண்டிய செய்தி. 1918-இல் ஈபர் கர்ட்டிசு என்னும் அமெரிக்கர், வட்டத்தின் நடுவே கோடிட்டதுபோல் இருத்தலைக் கண்டு, கிரேக்க நெடுங்கணக்கின் 'ஃபை' என்னும் எழுத்தால் அவற்றைக் குறித்தார். 1926-இல் எட்வின் அப்பிள் பேரடைகளை வகைப்படுத்தியபோதுதான் 'பார்' நிலைபெற்றது. 1936-இல் அவர் தம் வகைப்பாட்டை இசைக்கவை வடிவில் வரைந்து, ஒரு கவையில் வெறுஞ்சுழிகளையும் மறு கவையில் இவற்றையும் நிறுத்தினார். இருவரும் வடிவத்தைத்தான் கண்டனர், தொழிலைக் காணவில்லை. அக்காலத்து ஒளிப்படத் தகட்டில் கண்டதற்கு அவ்வளவே பெயர் சூட்டமுடியும். நமக்கோ அதற்குப் பிற்பட்ட நூறாண்டு அறிவு கையில் இருக்கின்றது. அமெரிக்கன் கண்ணால் கண்டு இட்ட பெயரை நாம் கண்ணை மூடிக்கொண்டு பெயர்க்கவேண்டிய தேவை என்ன?

தொழிலைக் காண்போம். தஞ்சைத் தரணியில் அறுவடைப் பொறி வருமுன், போர்க்களத்தில் கதிரைப் பரப்பிக் கடாவிடுதலைக் கண்ட முதியோர் இன்றும் இருக்கின்றனர். மாடுகளை ஒரே கயிற்றில் பிணைத்து வரிசையாக நிறுத்திச் சுற்றவிடுவர். நடுவில் நிற்கும் மாடு இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்பும். ஓரத்து மாடு ஓட்டமாய் ஓடும். ஆயினும் வரிசை குலையாமல் ஒரே கோலாகச் சுழலும். பேரடையில் பிணைப்பில்லாத விண்மீன்களின் நிலை வேறு. உள்ளே இருப்பவை தம் சுற்றை விரைந்து முடிக்கும். வெளியே இருப்பவை நெடுங்காலம் கொள்ளும். வரிசையாக நிறுத்தினாலும் சில சுற்றில் வரிசை கலைந்துபோம். இவ்வுறுப்போ கலைவதில்லை, கடாமாட்டு வரிசையாகவே சுழல்கின்றது. பால்வழியில் அஃது ஒருமுறை சுழன்றுவர ஏறத்தாழ 15 முதல் 19 கோடி ஆண்டு ஆகும்.

பிணைக்கும் கயிறு ஈர்ப்பே. தனித்த விண்மீன் ஏறத்தாழ வட்டமாகச் சுற்றும். ஆனால் தட்டின் நடுவில் ஒருபுறம் சிறிதே பொருள் மிகுமாயின், அண்மையில் உள்ள மீன்களின் வட்டம் நீண்டு முட்டை வடிவாகும், அம்முட்டைகளின் நீளச்சு ஒரே திசைக்குத் திரும்பும், திரும்பியபின் அங்கே பொருள் மேலும் மிகும், ஈர்ப்பும் மிகும், மேலும் பல மீன்கள் வந்து மாட்டிக்கொள்ளும். இங்ஙனம் தானே தன்னை வளர்த்துக்கொள்வது இது. இதில் இறுகிய கட்டை எதுவும் இல்லை. ஒவ்வொரு மீனும் தன் நெடுவட்டத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றது. எல்லா வட்டங்களும் ஒருங்கே திரும்புவதனால் கோல்போலத் தோன்றுகின்றது.

அடுத்து வளியின் செய்தி. 'தடை' என்னும் சொல் முற்றும் வீழ்வது இங்கேதான். விண்மீன்கள் ஒன்றையொன்று மோதுவதில்லை, இடைவெளி அத்தகையது. வளி அப்படியன்று, மோதும், அழுந்தும், சூடேறும். இவ்வுறுப்பு சுழலும்போது அதன் முன்விளிம்பில் வளி மோதித் தன் சுழலுந்தத்தை இழக்கின்றது. அவ்விடத்தே கருநிறத் துகட்கோடுகள் இருபுறமும் நீண்டிருப்பதை ஒளிப்படங்களில் தெளிவாகக் காணலாம். வானத்து ஆறு எனப்படும் எரிடானசு மீன்கூட்டத்தில் உள்ள என்.சி.சி. 1300 என்னும் பேரடை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சுழலுந்தம் இழந்த வளி வெளியே நிற்கமாட்டாமல் நடுவை நோக்கி வழிகின்றது. நடுவில் அது வளையமாகத் தேங்கிப் புதுவிண்மீன்களை மிகுதியாகப் பிறப்பிக்கின்றது. ஒரு சிறு பங்கு நடுவத்துக் கருந்துளை வரை செல்லவும் கூடும்.

படுகை மக்களுக்கு இதனை விளக்க நெடும்பேச்சு வேண்டா. கல்லணையிற் பிரிந்து வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளைத்து ஓடும் நீர், தலைமடையில் பாய்ந்து கடைமடைக்கு வந்து சேருமுன் இளைத்துப்போவதை அவர்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். பேரடையில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே நடுவமே கடைமடை. நீரெல்லாம் அங்கேதான் சென்று நிறைகின்றது. இடைவழியில் உள்ள வயல்களே வறண்டு கிடக்கின்றன. இவ்வுறுப்பு வாரிச்சென்ற பரப்பில் வளி தீர்ந்து, புதுவிண்மீன் பிறப்பு அருகிப் போதலை ஆய்வர் கண்டுள்ளனர். பொருளைத் தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டு சேர்க்கும் இவ்வுறுப்பைத் 'தடை' என்பது, வாய்க்காலை வரப்பு என்பதுபோல.

இவ்வறிவின் வேரில் காவிரிப் படுகைக் குடியிற் பிறந்தார் ஒருவரின் கணக்கு இருக்கின்றது என்பதைத் தமிழ் மாணாக்கர்க்குச் சொல்வார் அரியர். சுப்பிரமணியன் சந்திரசேகரின் முன்னோர் தஞ்சை மாவட்டத்துப் புரசக்குடி, மாங்குடிப் பகுதியினர். தந்தையார் இருப்புப்பாதைக் கணக்குத் துறையில் அலுவல் பார்த்தமையால் அவர் 1910-இல் இலாகூரிற் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1930-இல் கப்பலேறினார். 1937 முதல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 1995-இல் மறைந்தார். 1983-இல் நோபல் பரிசு பெற்றதும், வெண்குறு மீன்களின் எடைவரம்பு அவர் பெயரால் வழங்குவதும் பலரும் அறிந்தவை. அறியாதவை இரண்டு.

ஒன்று, விண்மீன் கூட்டங்களின் இயக்கம் பற்றி 1942-இல் அவர் எழுதிய நூலும், 1943-இல் வெளியிட்ட ஈர்ப்புராய்வுக் கொள்கையும். பெரும்பொருளொன்று விண்மீன் கூட்டத்தினூடே செல்லும்போது, அதன் ஈர்ப்பால் சிறுமீன்கள் அதன் பின்புறத்தே திரண்டு அதனைப் பின்னுக்கு இழுக்கும். எதனையும் தொடாமலே அது விரைவு குன்றும். வெறுவெளியிலும் உராய்வு உண்டு என்று கணக்கிட்டுக் காட்டியவர் அவர். மற்றொன்று, சுழலும் பாய்மத் திரளின் வடிவுகள் பற்றி 1969-இல் அவர் வெளியிட்ட நூல். மெல்லச் சுழலும் திரள் தட்டையாகும். சுழற்சி ஓர் எல்லையைக் கடந்தால் தட்டையாக நில்லாமல் ஒருபுறம் நீண்டு கோல்போலாகும். இஃது அவர்க்கு முன்னரே ஐரோப்பியக் கணக்கர் தொட்ட பொருளே. ஆயினும் சிதறிக் கிடந்ததைத் திரட்டி, பிழைகளைக் களைந்து, முழுமையாக்கியவர் அவர்.

அவரிடம் 1964-இல் முனைவர் பட்டம் பெற்ற மாணாக்கர் செரமி ஆசுதிரைக்கர். இவர் 1973-இல் பீபிள்சு என்பாரோடு கூடி ஒரு வினாவை எழுப்பினார்: ஆசிரியர் பாய்மத்திற் கண்டது விண்மீன் தட்டிற்கும் பொருந்துமா? அக்காலத்துக் கணிப்பொறியில் 150 முதல் 500 புள்ளிகளையே விண்மீன்களாகக் கொண்டு சுழலவிட்டுப் பார்த்தனர். சுழற்சியாற்றல், ஈர்ப்பாற்றலில் 0.14 பங்கை மிஞ்சினால் தட்டு நிலைகுலைந்து, நடுவே நீண்ட கோலாகத் திரண்டது. பாய்மக் கணக்கின் எல்லையும் ஏறத்தாழ அதே எண்தான். ஆனால் வானத்திலோ, அவ்வெல்லையை மிஞ்சிச் சுழலும் தட்டுகள் முழுதும் குலையாமல் நிற்கின்றன. ஆதலின் அவற்றைச் சூழக் கண்ணுக்குப் புலனாகாத பெரும்பொருள் உருண்டை வடிவில் இருந்து தாங்கவேண்டும் என்று அவ்விருவரும் முடிவுகட்டினர். இன்று இருட்பொருள் என்று உலகமே பேசும் கொள்கையை ஆய்வுலகம் ஏற்பதற்கு வழிகோலிய கட்டுரைகளுள் அஃது ஒன்று. பீபிள்சு 2019-இல் நோபல் பரிசு பெற்றார்.

நிலவைச் சூழ்ந்து தோன்றும் வட்டத்திற்கு நிகண்டுகள் 'ஊர்கோள்' என்று பெயர் தருகின்றன. பேரடையைச் சூழ்ந்த இவ்விருட்பொருள் உருண்டைக்கு அதனினும் பொருந்திய சொல் வேறு தேடவேண்டா. ஊர்கோள் கோலின் பிறப்பைத் தடுக்கும் என்றே 1973-க்குப் பின்னர்ப் பலரும் எண்ணியிருந்தனர். பிற்பாடு கணிப்பொறிகள் வளர்ந்து, ஊர்கோளையும் அசையாப் பொருளாக வைக்காமல் அசையும் துகள்களாக வைத்துக் கணக்கிட்டபோது கதை மாறிற்று. பிரான்சில் பணியாற்றிய கிரேக்க அம்மையார் அத்தனாசூலா 2002-இல் காட்டியபடி, ஊர்கோள் அக்கோலின் சுழலுந்தத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. சுழலுந்தத்தை இழக்க இழக்கக் கோல் நீண்டு வலுக்கின்றது. தடுப்பது என்று நினைத்ததே வளர்ப்பதாய் முடிந்தது. அவ்வுறிஞ்சலின் கணக்கு, 1943-இல் சந்திரசேகர் வகுத்த ஈர்ப்புராய்வின் வழிவந்ததே.

அங்ஙனமாயின் கோலின் சுழற்சி காலப்போக்கில் தளர்தல் வேண்டும். பால்வழியில் அது தளர்ந்துள்ளது என்று 2021-இல் ஆக்குசுபோர்டு, இலண்டன் ஆய்வர் காட்டினர். கையா விண்கலம் அளந்த விண்மீன்களுள், கோலின் சுழற்சிக்கு ஒத்தியைந்து அதனிடம் சிக்கிய கூட்டமொன்றை எடுத்து, மரத்தின் வளையங்களைக் கொண்டு அகவையைக் கணிப்பதுபோல அடுக்கடுக்காக ஆராய்ந்தனர். தோன்றிய நாள்தொட்டுச் சுழற்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்பது அவர்கள் முடிவு. ஆயினும் வழக்கு முற்றும் தீர்ந்துவிடவில்லை. வானத்தில் அளந்த கோல்களுட் பல, இருட்பொருள் செறிந்த ஊர்கோள் இழுத்துத் தளர்த்தியிருக்க வேண்டிய அளவிற்குத் தளரவில்லை. ஊர்கோளின் நடுச்செறிவு குறைவா, கோல்கள் இளையனவா, கணக்கிலேயே குறையா என்று ஆய்வர் வாதிடுகின்றனர். 2022-க்குப் பின் சேம்சு வெப்பு விண்தொலைநோக்கி, 1100 கோடி ஆண்டிற்கு முன் புறப்பட்ட ஒளியிலேயே இத்தகைய கோல்களைக் கண்டு வாதத்தை மேலும் சூடாக்கிவிட்டது.

இவ்வளவும் அறிந்தபின் பெயருக்கு வருவோம். 'பட்டை' மேற்பரப்பில் ஒட்டிக் கிடப்பது. உறுப்பாக நின்று தொழில் செய்வதில்லை. 'சட்டம்' அசையாதது, நீதிமன்றத்தையும் நினைப்பூட்டும். 'கோல்' அழகிய சொல். இக்கட்டுரையும் இதுவரை அதனையே கைக்கொண்டது. ஆயினும் வானநூலில் கோள் என்றொரு சொல் முன்னமே இருக்கையில், ஓர் அச்சுப்பிழையில் பேரடையின் நடுவுறுப்பு வியாழனாகவோ வெள்ளியாகவோ மாறிவிடும். 'தண்டு' என்பார்க்கு மறுப்பில்லை. அதில் பிழையில்லை, சிறப்பும் இல்லை.

'பார்' என்பதே தமிழிலும் உண்டு என்பதை ஈண்டு மறைத்தல் நேர்மையாகாது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய அதே புலவர், பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் உப்பு வண்டியைச் சொல்லுமிடத்து, அதன் வலிய நெடுமரத்தைப் 'பார்' என்கின்றார். ஒலியும் ஒன்று, பொருளும் ஏறத்தாழ ஒன்று. உடனே, ஆங்கிலப் 'பார்' தமிழினின்று சென்றதே என்று துண்டறிக்கை அடிக்க விரையும் கைகளைச் சற்றே பிடித்து நிறுத்தல் வேண்டும். ஆங்கிலச் சொல் பழம்பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கு முன்னைப் பிறப்பு மேலை மொழிநூலார்க்கே தெளிவில்லை. தெளிவில்லாத இடத்திற் கொடி நடுதல் ஆய்வாகாது. நம் பகைவர் நம்மை எள்ளிநகையாட நாமே கொடுக்கும் படைக்கலம் அது. அன்றியும் இன்று 'பார்' என்று எழுதினால், படிப்போர் அதனை ஆங்கிலச் சொல்லின் எழுத்துப்பெயர்ப்பாகவே கொள்வர். பெரும்பாணாற்றுப்படை அவர்கள் நினைவுக்கு வாராது.

ஆதலின் 'நுகம்' என்க. நுகம் இருபுறமும் ஒரே அளவாக நீண்டது. அதன் நடுவே அடிக்கப்படுவது பகலாணி. நடுவுநிலைமைக்கே உவமையாக நம் முன்னோர் ஆண்ட ஆணி அது. பேரடையின் நடுவத்தை அதனினும் நன்றாக ஒரு சொல் காட்டாது. நுகத்தின் இரு முனைகளிலும் பூட்டாங்கயிற்றில் மாடுகள் நிற்பதுபோல, இவ்வுறுப்பின் இரு முனைகளிலும் சுருட்கைகள் பூட்டப்பட்டுள்ளன. எல்லாவற்றினும் மேலாக, நுகம் இழுப்பது, பொருளைக் கொண்டு சேர்ப்பது. நுகம் உடையதை நுகச்சுழி என்றும், இல்லாததை வெறுஞ்சுழி என்றும் வழங்கலாம். நிகண்டுகள் மகநாளுக்குக் 'கொடுநுகம்' என்று பெயர் சொல்வதால், வானத்தில் நுகத்தைக் காண்பதும் தமிழர்க்குப் புதிதன்று. அடைமொழி இருத்தலின் மயக்கமும் நேராது.

மறுப்பு வரும். நுகம் வடமொழி யுகத்தோடு ஒட்டியது என்பார் ஒருவர். அவ்வழக்கை மொழிநூலார் மன்றில் வைத்துக்கொள்க, சங்கநூலிற் புழங்கிய சொல்லை ஆளுதற்கு யாரிடமும் ஒப்புதல் பெறவேண்டா. நுகம் நேரே செல்வதன்றி வட்டமாகச் சுழல்வதில்லையே என்பார் மற்றொருவர். உவமை எல்லாக் கூறாலும் ஒத்தல் வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. மூன்றாவது மறுப்பே எண்ணத் தக்கது: உழுபொறி ஓடும் வயலில் வளரும் இன்றைய பிள்ளைக்கு நுகம் தெரியுமா? தெரியாதுதான். தஞ்சையிலேயே நுகத்தடி பரணில் கிடக்கின்றது, அல்லது விறகாய்விட்டது. ஆயினும் அப்பிள்ளையின் பாட்டனார்க்குத் தெரியும், கேட்டால் சொல்வார். 'தடைசெய்யப்பட்ட சுழல்' என்பதை எந்தப் பாட்டனாரிடம் போய்க் கேட்பது?

மேலையார் தம் சொற்களை அடுப்பங்கரையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் எடுக்கத் தயங்குவதில்லை. இந்நுகம் முதுமையுறும்போது மேலும் கீழுமாக வளைந்து தடித்து, பக்கவாட்டில் நோக்குவார்க்கு நிலக்கடலைத் தோடுபோலத் தோன்றும். பால்வழியின் நடுப்புடைப்பும் அத்தகையதே. அதற்கு அவர்கள் இட்ட பெயரும் கடலைதான். அதனால் அவர்தம் அறிவியலின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. நம்மவர் மட்டும் 'கடலைப் புடைப்பு' என்றால் நகைப்பர். 2025-இல் புனே வானொலி வானநூல் நடுவத்தார், 1200 கோடி ஒளியாண்டு தொலைவில் அழகியதொரு சுழிப் பேரடையைக் கண்டு, அதற்கு 'அளகநந்தா' என்று இமயத்து ஆற்றின் பெயரைச் சூட்டினர். பால்வழிக்கு இந்தியில் வழங்கும் மந்தாகினி என்னும் ஆற்றுப்பெயர்க்கு உடன்பிறப்பாக அது அமைந்தது. அதிற் குறைசொல்ல ஒன்றுமில்லை. கண்டவர் தம் மொழியிற் பெயரிட்டனர். பொன்னியின் பெயர் ஒரு பேரடைக்கு ஏறவேண்டுமாயின், அதனைக் காண்பவர் தமிழில் எண்ணப் பழகியவராக இருத்தல் வேண்டும். கண்டனக் கூட்டம் போட்டு அதனைப் பெறமுடியாது.

சந்திரசேகர் தமிழில் ஒன்றும் எழுதவில்லையே என்று குறைகூறுவார் உண்டு. அவர் கற்ற நாளில் கல்லூரியில் அறிவியலுக்குத் தமிழ் வாயில் திறக்கவே இல்லை. அவர்தம் அன்னையார் சீதாலட்சுமி அம்மையார், நார்வே நாட்டு இப்சனின் 'பொம்மை வீடு' என்னும் நாடகத்தைத் தமிழாக்கியவர். வீட்டிலிருந்தபடியே ஓர் அம்மையார் வடகடலோர நாடகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவர் மகனின் 1942-ஆம் ஆண்டு நூலையும் 1969-ஆம் ஆண்டு நூலையும் கொண்டுவருவதற்கு, 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச்சங்கமும் 1981-இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கும் தஞ்சையில் ஒரு குழு அமைதல் அரிதன்று. அறிவியற் களஞ்சியம் என்னும் பெருந்தொகுதியை வெளியிட்ட இடம் அது. கணக்கு வல்லார் இருவர், இயற்பியலார் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர் என நால்வர் போதும். தமிழாசிரியர் இறுதியில் அமர்தல் நன்று. முதலில் பொருள், பின்னர்ச் சொல்.

நுகத்தைக் கண்ணாற் காணவேண்டும் என்பார்க்கும் படுகையில் இடம் உண்டு. தைத் திங்களின் இடைப்பகுதியில், நிலவில்லா இரவில், திருமறைக்காட்டுக்குத் தெற்கே கோடிக்கரையில் கடலை நோக்கி நிற்க. இரவு 9 மணியளவில் தெற்கே அகத்தியமீன் ஒளிரும். அதற்குக் கீழே, சற்று மேற்கே, அடிவானத்தினின்று நீட்டிய கையின் ஒரு பிடியளவு உயரத்தில், மகெல்லன் பெருமுகில் என்னும் சிறு பேரடை இருக்கின்றது. ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அதன் நுகம், நடுவினின்று சற்றே விலகிக் கிடப்பது. கடற்பனி இல்லையாயின் வெண்புகைத் துணுக்குப்போல் அம்முகில் கண்ணுக்குத் தென்படக்கூடும். இருகண்நோக்கி ஒன்றைக் கையிற் கொண்டு செல்வார்க்கு ஐயமின்றித் தேட எளிதாகும்.